மலையில் காபன் எவ்வளவு காலம் தங்கும்?

இருபது வருடம் வளர்ந்த யூகலிப்டஸ் மரம் தேயிலை ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், அடுப்பில் சில மணிநேரத்தில் எரிந்து முடிகிறது. கொழுந்தை வாட்டவும் காயவைக்கவும் அந்தச் சூடு வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் விறகு போகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன். ஒரு தொன் காய்ந்த விறகு எரியும்போது அதிலுள்ள அரைத் தொன் காபன் ஒட்சிசனோடு சேர்ந்து, 1.8 தொன் அளவு காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. விறகைவிடப் புகையின் எடை கூடுவது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். கூடிய எடை முழுவதும் காற்றிலிருந்து வந்து சேர்ந்த ஒட்சிசன்.

அந்த மரம் இருபது வருடமாகக் காற்றிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதே இடத்தில் இன்னொரு கன்றை நட்டு, அதுவும் இருபது வருடம் நின்றால் கணக்கு சரியாகும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் கதை வேறு. பல கோடி வருடங்களுக்கு முன் மண்ணுக்குள் புதைந்து, காற்றோடு தொடர்பே இல்லாமல் கிடந்த காபன் அது. கப்பலில் வந்து புத்தளத்துக் கரையில் இறங்கி எரியும்போது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு புதிதாகக் காற்றில் சேர்கிறது. அதில் ஒரு பங்கைக் கடலும் காடும் வாங்கிக்கொள்ளும். இன்னொரு பங்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் காற்றிலேயே நிற்கும்.

காபனைப் பிடித்துச் சேமிப்பது பற்றி இன்று பேசப்படும் எல்லாவற்றையும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் அளக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டால் போதாது, எவ்வளவு காலத்துக்கு என்றும் கேட்கவேண்டும். மலையகத்தில் இதைக் கேட்பதற்குக் கூடுதல் காரணம் உண்டு. மரம் நடுவதும் காடு காப்பதும் காபன் வரவாக, அதாவது வேறொருவர் தன் வெளியேற்றத்துக்கு ஈடாக வாங்கும் சான்றாக, விற்கப்படும் காலம் இது. அந்த மரங்கள் நிற்கவேண்டிய சரிவுகளில்தான் எங்கள் ஜனங்கள் தலைமுறைகளாக வேலை செய்கிறார்கள்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 280 காபனீரொட்சைட்டாக இருந்தன. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. 2024 இல் 420 ஐத் தாண்டிவிட்டது. உலகம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வருடத்துக்கு 3,700 கோடி தொன் அளவில் வெளியேறுகிறது. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 2022 இல் வெளியிட்ட அறிக்கை, வெளியேற்றத்தைக் குறைப்பதோடு காற்றில் ஏற்கெனவே சேர்ந்ததில் ஒரு பகுதியை வெளியே எடுப்பதும் தவிர்க்கமுடியாதது என்று சொல்கிறது. விமானம், சீமெந்து, வயல் போன்ற சிலவற்றின் வெளியேற்றத்தை முற்றாக நிறுத்த முடியாது என்பதே அதற்குக் காரணம். ஆகவே காபன் சேமிப்பு என்பதையே ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எரிப்பதைக் குறைக்காமல் சேமிப்பை மட்டும் காட்டி நடக்கும் வியாபாரத்தை அதே அறிக்கையை வைத்தே மறுக்கலாம்.

இயந்திர வழியை முதலில் பார்ப்போம். அனல்மின் நிலையத்தின் புகையில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு காபனீரொட்சைட்டு இருக்கும். மீதி பெரும்பாலும் நைதரசன். புகையை உயரமான கோபுரமொன்றில் கீழிருந்து மேலே விட்டு, மேலிருந்து அமைன் எனப்படும் இரசாயனக் கரைசலைத் தூவுகிறார்கள். கரைசல் காபனீரொட்சைட்டை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை வேறொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கினால், பிடித்ததை விட்டுவிடும். தூய வாயு கிடைக்கும், கரைசல் மறுபடி வேலைக்குப் போகும். கேட்க எளிதான இந்த வேலையில் சூடாக்குவதுதான் சிக்கல். மின் நிலையம் உண்டாக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இதற்கே செலவாகிவிடலாம்.

பிடித்த வாயுவை அழுத்தி, 800 மீற்றருக்கும் ஆழமான பாறைக்குள் செலுத்துகிறார்கள். அந்த ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அது ஏறக்குறைய திரவத்தின் அடர்த்திக்கு வந்துவிடும். மேற்பரப்பில் அடைத்துக்கொள்ளும் இடத்தில் முன்னூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அங்கு தேவைப்படும். அந்தப் பாறை நுண்துளைகள் நிறைந்த மணற்கல்லாக இருக்கவேண்டும். அதன் மேல் எதையும் கசியவிடாத களிப்பாறை மூடியாக அமைந்திருக்கவேண்டும். வட கடலில் நோர்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயுக் களத்தில் 1996 முதல் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே கிடைத்த எரிவாயுவில் நூற்றுக்கு 9 பங்கு காபனீரொட்சைட்டு கலந்திருந்தது. விற்பதற்கு முன் அதைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால், 1991 இல் நோர்வே அரசு கொண்டுவந்த காபன் வரியைக் கட்டவேண்டும். வரி கட்டுவதைவிடக் கடலடிப் பாறைக்குள் செலுத்துவது மலிவாக இருந்தது. தொழில்நுட்பத்தைப் பற்றிய பேச்சில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அது இல்லாவிட்டால் அந்தக் குழாய் போடப்பட்டிருக்காது.

எல்லா இடத்திலும் இப்படி வாய்க்கவில்லை. கனடாவின் பவுண்டரி டாம் நிலக்கரி மின் நிலையத்தில் 2014 இல் தொடங்கிய திட்டம், வருடத்துக்கு பத்து லட்சம் தொன் என்ற இலக்கை எட்டத் திணறியது. அவுஸ்திரேலியாவின் கோர்கன் திட்டமும் சொன்ன அளவைப் பிடிக்கவில்லை. உலகில் இன்று இயங்கும் எல்லாப் பிடிப்பு நிலையங்களையும் சேர்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 5 கோடி தொன் கொள்ளளவு வரும். உலக வெளியேற்றத்தில் எழுநூறில் ஒரு பங்கும் இல்லை. அதிலும் கணிசமான பகுதி, வற்றிவரும் எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தி இன்னும் எண்ணெய் எடுக்கவே பயன்படுகிறது. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை 2016 முதல் தன் கொதிகலன் புகையிலிருந்து வருடத்துக்கு 60,000 தொன் வரை பிடிக்க ஏற்பாடு செய்தது. அது மூலப்பொருளாகத் திரும்பவும் பயன்படுகிறது. நல்ல பொறியியல்தான், ஆனால் அதை நிரந்தரச் சேமிப்பு என்று சொல்லமுடியாது. சோடா உப்பு கண்ணாடியாகவோ சவர்க்காரத் தூளாகவோ மாறும் வழியில் அந்த வாயுவில் பெரும்பங்கு மறுபடி வெளியே வந்துவிடும்.

காற்றிலிருந்தே நேரடியாக உறிஞ்சும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன. புகைபோக்கியோடு ஒப்பிட்டால் இது மிகக் கடினம். காற்றில் ஏறக்குறைய 2,400 மூலக்கூறுகளில் ஒன்றுதான் காபனீரொட்சைட்டு. ஐஸ்லாந்தில் 2021 இல் ஓர்கா, 2024 இல் மாமத் என்று இரண்டு நிலையங்கள் தொடங்கப்பட்டன. மாமத் முழுக் கொள்ளளவில் இயங்கினாலும் வருடத்துக்கு 36,000 தொன் பிடிக்கும். இலங்கை வருடத்துக்கு 2 கோடி தொன் அளவில் வெளியேற்றுகிறது. அதாவது ஒரு பெரிய இயந்திரத்தின் ஒரு வருட வேலை, எங்கள் சின்னத் தீவின் ஒரு நாள் புகைக்கும் ஈடாகாது.

ஐஸ்லாந்தில் சேமிக்கும் முறையோ உண்மையிலேயே வியக்கத்தக்கது. தண்ணீரில் கரைத்த காபனீரொட்சைட்டை எரிமலைப் பாறையான பசோல்ட்டுக்குள் செலுத்துகிறார்கள். பாறையிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்து வெள்ளைக் கனிமமாக உறைந்துவிடும். முன்னோடிப் பரிசோதனையில் செலுத்தியதில் நூற்றுக்கு 95 பங்கு இரண்டு வருடத்துக்குள் கல்லானது என்று 2016 இல் ஆய்வு வெளியானது. வாயு கல்லாகிவிட்டால் கசிவு பற்றிய பயம் இல்லை, காவல் தேவையில்லை. ஆனால் ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஏறத்தாழ 25 தொன் தண்ணீர் வேண்டும்.

இதை எங்கள் மலைகளுக்குள் செய்யமுடியுமா? பல மாணவர்கள் ஆசையோடு கேட்கும் கேள்வி இது. முடியாது என்பதே பதில். மத்திய மலைநாட்டின் அடியில் இருப்பது பழமையான உருமாறிய பாறை. சார்னோகைட், கொண்டலைட், நைஸ் என்று புவியியலாளர்கள் பெயரிடும் இவை பல கோடி வருடங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் இறுகியவை. தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இப்படிப்பட்டதுதான். நுண்துளை இல்லை, மேலே களிப்பாறை மூடியும் இல்லை. செலுத்தும் வாயு வெடிப்புகளின் வழியே எங்கே போய் வெளிவரும் என்று சொல்லமுடியாது. படிவுப் பாறைகள் தடித்திருப்பது மன்னார்க் கடற்படுகையில். 2011 இல் அங்கே எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. வாயுவைக் கோடிக்கணக்கான வருடம் பிடித்துவைத்திருந்த பாறை காபனீரொட்சைட்டையும் பிடித்துவைக்கக் கூடும். என்றாவது நாடு அந்த வழிக்குப் போனால் முதலில் பொருத்தமாவது புத்தளத்துச் சீமெந்து ஆலை என்று எனக்குத் தோன்றுகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே காபனீரொட்சைட்டு வெளிவரும். சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அது நிற்காது. நோர்வேயின் பிரெவிக் சீமெந்து ஆலையில் 2025 இல் வருடத்துக்கு 4 லட்சம் தொன் பிடிக்கும் நிலையம் திறக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். நுரைச்சோலைக்கு அவ்வளவு செலவு செய்வதைவிடக் காற்றாலையும் சூரிய ஒளியும் மின்கலமும் வைத்து நிலக்கரியைப் படிப்படியாக நிறுத்துவது மலிவு. 2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கவேண்டும், இனிப் புதிய நிலக்கரி நிலையம் இல்லை என்று இலங்கை உலகுக்கு உறுதி கொடுத்திருக்கிறது.

ஆகவே மலைநாட்டின் காபன் சேமிப்பு, பாறைக்கு மேலே உள்ள சில அடி மண்ணிலும் அதில் நிற்கும் மரத்திலும்தான் இருக்கிறது.

அது சிறிய சேமிப்பு இல்லை. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், காற்றிலும் எல்லாத் தாவரங்களிலும் சேர்ந்து இருப்பதைவிட அதிக காபன் மண்ணுக்குள் இருக்கிறது. குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் இலை தழை மக்குவது மெதுவாக நடக்கும். மக்காமல் மிஞ்சுவது வருடாவருடம் சேர்ந்து மண்ணைக் கறுப்பாக்கும். ஹோர்டன் சமவெளியின் பத்தனைப் புல்வெளியைப் பார்ப்பவர்கள் மரமில்லாத வெற்று நிலம் என்று நினைக்கிறார்கள். அந்தப் புல்லுக்குக் கீழே உள்ள கறுப்பு மண்ணில் நீண்ட காலக் காபன் கிடக்கிறது. மரம் நடுகிறோம் என்று அங்கே குழி தோண்டுவது சேமிப்பை உடைக்கும் வேலை. சுற்றியுள்ள குட்டையான, பாசி படர்ந்த முகில் காடுகள் மூடுபனியிலிருந்தே நீரைப் பிடித்து மண்ணில் சொட்டவிடுகின்றன. மகாவலியும் களனியும் வளவையும் அந்த மலைகளிலிருந்துதான் இறங்குகின்றன. சிவனொளிபாதமலை வனம், ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அப்படியிருந்தும் ஹோர்டன் சமவெளிக் காட்டில் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து சாவது பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. வறட்சி, மண்ணின் ஈரக்குறைவு, காற்று மாசு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. சட்டத்தால் காக்கப்பட்ட காடும் சூடேறும் காற்றில் தன் காபனை இழக்கலாம் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள உதாரணம்.

மலைநாட்டின் பெரிய காபன் இழப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்து முடிந்தது. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரச உடைமையாக்கியது. கோப்பித் துரைமார் அவற்றை மலிவாக வாங்கி வெட்டி எரித்தார்கள். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை வந்தது. 1869 இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. பிறகு மலை மலையாகத் தேயிலை ஏறியது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இல், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் கைவைக்கவேண்டாம் என்று அறிவுரை சொன்னார். இன்று உச்சிகளில் எஞ்சியிருக்கும் காட்டுக்கு அதுவும் ஒரு காரணம். காட்டை வெட்டியவை தமிழகத்திலிருந்து நடந்து வந்த எங்கள் முன்னோரின் கைகள். வெட்டச் சொன்னவர்களும் இலாபம் பார்த்தவர்களும் வேறு ஆட்கள். அந்தத் தீயில் போன காபனின் ஒரு பங்கு இன்னும் காற்றில் இருக்கிறது. அதை ‘மலையக விவசாயத்தின் வெளியேற்றம்’ என்று யாராவது கணக்கெழுதினால், யாருடைய பெயரில் எழுதுவது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

தேயிலை நிலத்திலும் காபன் உண்டு. ஒரு நல்ல தேயிலை மலையின் மேல்மண் கறுத்து, கையில் பிசுபிசுக்கும். கான் (வடிகால்) சரியாக வெட்டாத, வெயில் படும் இடைவெளிகள் நிறைந்த மலையில் ஒவ்வொரு மழைக்கும் அந்த மண் ஓடையில் இறங்கும். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று வைப்பதற்கு முன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு ஒன்றரை இரண்டு வருடம் விடவேண்டும் என்று தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தப் புல்லின் வேரும் வெட்டிப் பரப்பும் தழையும் மண்ணுக்குள் காபனைத் திருப்பிச் சேர்க்கின்றன. காலநிலை என்ற பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே நிலத்தைத் தேற்றுவதற்காகக் கண்ட வழி இது. வருமானமில்லாத இரண்டு வருடத்தைத் தாங்க விரும்பாத தோட்டங்கள் அதைக் குறுக்குகின்றன, அல்லது விட்டுவிடுகின்றன. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, விளைச்சல் சரிந்து, அதே வருட நவம்பரில் விலக்கிக்கொண்டதையும் இங்கே நினைவுபடுத்தவேண்டும். மண்ணின் சேதனப் பொருள் வர்த்தமானி அறிவித்தலால் அதிகரிக்காது.

கவ்வாத்து விஷயம் இன்னும் நுணுக்கமானது. உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார்கள். விழும் கிளையும் இலையும் மலையிலேயே கிடந்து மக்கினால் மண்ணுக்கு உணவு, காபனுக்கும் வீடு. ஆனால் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசையின்) அடுப்புக்குக் கவ்வாத்து விறகுதான் காலகாலமாக எரிபொருள். 2022 இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, வாங்கிப் பழகிய குடும்பங்களும் விறகுக்குத் திரும்பின. சோறு வடிக்க வேறு வழி கொடுக்காமல், மண்ணின் காபனைக் காப்பாற்று என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லமுடியாது. அப்படிச் சொல்லும் திட்டம் எதுவும் ஓடாது, ஓடவும் கூடாது.

கரியாக்கிச் சேமிப்பது ஒரு வழி. காற்று அதிகம் படாமல் விறகையோ ஆலைக் கழிவையோ சூடாக்கினால், காபனில் ஏறத்தாழ பாதி கரியாக மிஞ்சும். மண்ணில் இட்டால் அது மக்காமல் நூற்றுக்கணக்கான வருடம் இருக்கும். ஈரத்தையும் உரத்தையும் பிடித்துவைக்கும். மரத்தோடு ஒப்பிட்டால் காலத்தில் இது பெரிய முன்னேற்றம். தேயிலைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை உண்டு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி, அமிலக் குறியீடு (pH) 4.5 முதல் 5.5 வரை இருக்கவேண்டும். கரியும் அதோடு வரும் சாம்பலும் மண்ணைக் காரத்தின் பக்கம் தள்ளும். மிஞ்சிப் புளித்துப்போன மலைக்கு அது மருந்தாகும், அளவு தவறினால் கொழுந்தைக் கெடுக்கும். மலைக்கு மலை மண்ணைப் பரிசோதித்துத்தான் இடவேண்டும். திகனப் பகுதியில் தோண்டி எடுத்துக் கவ்வாத்துக் காலத்தில் இடும் டொலமைட்டும் புளிப்பைக் குறைக்கிறது. ஆனால் அது காபனைத் தன்னுள் கொண்ட காபனேற்றுக் கல் என்பதால் அமில மண்ணில் கரையும்போது காபனீரொட்சைட்டை வெளியே விடும். காபனீரொட்சைட்டைப் பிடிப்பதற்காக மண்ணில் பசோல்ட் தூள் தூவிப் பார்க்கும் முயற்சி டார்ஜிலிங் தேயிலையில் தொடங்கியிருக்கிறது. எங்களிடம் அந்தப் பாறை பக்கத்தில் இல்லை. தூரத்திலிருந்து லொறியில் ஏற்றி வந்தால் டீசல் புகை இலாபத்தைத் தின்றுவிடும்.

இனி மரம் நடுவதற்கு வருவோம், ஏனென்றால் வியாபாரம் அங்கேதான் சூடுபிடிக்கிறது. 1970களிலும் 1980களிலும் வெறுமையான சரிவுகளிலும் பத்தனை நிலங்களிலும் பைனஸ் மரம் பெருமளவில் நடப்பட்டது. வேகமாக வளர்ந்தது, காபனும் சேர்ந்தது. அதன் அடியில் வேறு செடி அதிகம் முளைக்கவில்லை. உதிர்ந்த ஊசியிலை காய்ந்து கிடக்கிறது. ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காற்றும் வறட்சியும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் எல்ல, ஹல்துமுல்ல, பண்டாரவளைப் பக்கம் மலை எரிவது வருடாந்தரச் செய்தியாகிவிட்டது. முப்பது வருடம் சேர்த்த காபன் ஒரு பின்னேரத்தில் போய்விடுகிறது. சிங்கராஜ வன எல்லையில் பைனஸ் மரங்களின் நிழலிலேயே உள்நாட்டு மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். மலையிலும் அந்த வழியில் ஒற்றை மரத் தோட்டங்களைக் கலப்புக் காடாக மாற்றலாம். அதற்குப் பொறுமையும் கூலியும் வேண்டும். புதிதாக ஒரு லட்சம் கன்று நட்டோம் என்று பலகை வைப்பதைப்போல அது படத்தில் அழகாக விழாது.

காபன் வரவின் வேலைமுறை இது. ஒரு காடு அல்லது நடுகை ஒரு தொன் காபனீரொட்சைட்டைச் சேமித்ததாகச் சான்று பெறும். வெளிநாட்டில் நிலக்கரியோ எண்ணெயோ எரிக்கும் நிறுவனம் அந்தச் சான்றை வாங்கித் தன் ஒரு தொன்னை அடித்துவிட்டதாகக் கணக்கு எழுதும். இங்கேதான் முதலில் சொன்ன வேறுபாடு வந்து நிற்கிறது. அங்கே எரிந்தது ஆயிரம் வருடக் கணக்கு, இங்கே சேர்த்தது மரம் நிற்கும்வரை உள்ள கணக்கு. தலைமுறைக் கடனை அடைக்க, வாரக் கைமாற்று வாங்குவது போன்றது இது. இதோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. திட்டம் வராவிட்டாலும் அந்தக் காடு நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்றால் சேமிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. இங்கே வெட்டுவதைத் தடுத்ததால் பக்கத்து மலையில் வெட்டு கூடியதா? கூடியிருந்தால் கணக்கு இடம் மாறியதோடு சரி. தீக்கு ஈடாக ஒரு பங்கு வரவை விற்காமல் ஒதுக்கிவைப்பது வழக்கம். கலிபோர்னியாவின் திட்டத்தில் காட்டுத்தீக்கென 100 வருடத்துக்கு ஒதுக்கிய பங்கில் ஏறத்தாழ முழுவதும் முதல் பத்து வருடத்துக்குள் தீர்ந்துவிட்டதாக 2022 இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மலையகத்தில் இதற்கு மேல் காணிப் பிரச்சினை இருக்கிறது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அவர்களின் குத்தகை 2045 வரை. நிலம் அரசுக்குச் சொந்தம், மரத்தின் வருமானம் கம்பனிக்கு, சரிவில் மண்ணைக் காக்கும் வேலை தொழிலாளிக்கு. மலையகத் தமிழர் பெரும்பாலானோருக்குச் சொந்தக் காணி இல்லை, வீட்டுத் திட்டங்களில் சிலருக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணிக்கே உறுதிப்பத்திரத்துக்காக அலையவேண்டியிருக்கிறது. இருபது வருடத்தில் குத்தகை முடியும் கம்பனி, நூறு வருடம் நிற்கவேண்டிய காபனுக்கு உத்தரவாதம் கொடுத்தால் அதை யார் நிறைவேற்றுவது? நிலத்தில் பங்கில்லாத குடும்பத்துக்கு, எரியும் காட்டை அணைக்க ஓடுவதற்கும் ஓடாமல் இருப்பதற்கும் பணத்தில் வித்தியாசம் இல்லை. அப்படியிருந்தும் எங்கள் ஆட்கள் கிளையை ஒடித்துக்கொண்டு தீயடிக்க ஓடுகிறார்கள். அந்த உழைப்பு எந்தக் காபன் கணக்கிலும் இதுவரை ஏறவில்லை.

இலங்கையில் ஒரு ஆள் வருடத்துக்கு வெளியேற்றுவது ஏறக்குறைய ஒரு தொன், உலகச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. லயத்துக் குடும்பத்தின் பங்கு அதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். விளைவு மட்டும் அந்த அளவில் வருவதில்லை. ஒரு பாகை சூடு கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், கொட்டும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் ஒரே சமயத்தில் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. ஒவ்வொரு சரிவுக்கும் உள்ளூர்க் காரணமும் உண்டு. வெட்டிய மண், அடைபட்ட கான், ஆபத்தென்று தெரிந்தும் ஆட்களை இடம் மாற்றாத நிர்வாகம் எல்லாம் அதில் அடங்கும். ஆழவேர் மரங்கள் உள்ள ஓடைக்கரையும், புல் மூடிய செங்குத்துச் சரிவும் எல்லாச் சரிவையும் தடுத்துவிடாது. ஆனால் மேல்மண்ணைப் பிடித்து நிறுத்தும், கூடவே காபனையும். காபன் வரவு இல்லாமலே செய்யவேண்டிய வேலை அது.

பணம் வந்தால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. வரும் பணம் எதன் பேரில் வருகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். தோட்டத்தில் காபன் திட்டம் என்று யாராவது வந்தால், ஒப்பந்தத்தைத் தமிழிலும் எழுதித் தரச் சொல்லித் தொழிற்சங்கமும் இளைஞர் மன்றமும் முதல் நாளே கேட்கவேண்டும். எத்தனை வருடத்துக்கு, 2045 க்குப் பிறகு யார் பொறுப்பு, எரிந்தால் அல்லது சரிந்தால் நட்டம் யாருக்கு என்று அதில் இருக்கவேண்டும். நடவுக்கூலி, காவல்கூலி போக விற்ற ஒவ்வொரு தொன்னிலும் அந்த டிவிசனின் குடும்பங்களுக்கு எவ்வளவு என்று தொகையாக எழுதியிருக்கவேண்டும். விறகு பொறுக்கும் இடம், மாட்டுக்குப் புல் அறுக்கும் இடம், தண்ணீர் எடுக்கும் ஊற்று, காய்கறி போடும் துண்டு நிலம் ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட்டு, திட்டத்துக்கு வெளியே விடப்படவேண்டும். விறகை நிறுத்தச் சொன்னால் அடுப்புக்கு மாற்று என்ன, அதன் மாதச் செலவை யார் கொடுப்பது என்பதும் கையெழுத்துக்கு முன்பே முடிவாகவேண்டும்.